சுராங்கனி: ஒரு பாட்டுப் பிறந்து பரவிய வரலாறு



இசையைப் பற்றிப் பேசப் புகுவோர் கீர்த்தனங்களையும் அவற்றை இயற்றிய பெரியோரையும் நாடிச் செல்வதே நம்மவர் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய பெருமை வாய்ந்ததன்று. கலியாண வீட்டிலும், கல்விச் சுற்றுலாப் பேருந்திலும், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கோ நயினாதீவுக்கோ புறப்படும் படகிலும் இளைஞர் கைதட்டிப் பாடும் ஒரு பாட்டைப் பற்றியது இப்பேச்சு. சுராங்கனி என்பது அப்பாட்டின் பெயர். ஏ. ஈ. மனோகரன் என்னும் ஈழத்துப் பாடகரின் குரலோடு இணைந்து புகழ் பெற்ற பாட்டு அது.

இப்பாட்டைக் கேளாதவர் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் மிகச் சிலரே. ஆயினும், இதன் தாளம் எங்கிருந்து வந்தது, இது எவ்வழியாகப் பாக்கு நீரிணையைக் கடந்தது, இதனை நாடறியச் செய்தவர் யார் என்று வினவினால், விடை கூற வல்லவர் அவரினும் சிலராவர். எங்கள் பாடசாலை உயர்தர வகுப்பிலே இவ்வினாவை ஒருநாள் எழுப்பினேன். சிங்கள நாட்டுப்பாடல் என்றார் ஒரு மாணவர். இந்தியச் சினிமாப் பாட்டு என்றார் மற்றொருவர். மனோகரன் பெயரைச் சொன்னவர் எவருமிலர். பாட்டு வாழ்கிறது, அதனைத் தந்தவரின் பெயர் மறைகிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமாயின், ஒரு பொப்பிசைப் பாட்டு உருவாகி வெளிவரும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

பொப்பிசை என்பதில் உள்ள ‘பொப்’ என்னும் பகுதி, மக்கள் பெரிதும் விரும்புவது எனப் பொருள்படும் ‘பொப்யுலர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். துள்ளிசை என்று தமிழிலே வழங்குவாரும் உளர். கீர்த்தனத்திலே பல்லவி, அனுபல்லவி, சரணம் எனப் பகுதிகள் உண்டு. இராகத்தை விரித்துப் பாடப் பாடகருக்கு நேரமும் உண்டு. பொப்பிசையில் அத்தகைய விரிவுக்கு இடமில்லை. சிறிய அடிகள் சில. அவற்றிடையே மீண்டும் மீண்டும் வருகின்ற, கேட்டவர் உடனே சேர்ந்து பாடக்கூடிய ஒரு பல்லவி. கால் தானாகவே அசையும்படியான தாளம். இவ்வளவே அதன் உறுப்புகள். சினிமாப் பாட்டுக்குக் கதையும் காட்சியும் நடிகரின் முகமும் துணை நிற்கின்றன. பொப்பிசைப் பாட்டுக்கு அத்துணை எதுவும் இல்லை. தொடங்கிய சில விநாடிகளுக்குள் கேட்போரைப் பிடித்து நிறுத்தவேண்டும். மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கவும் வேண்டும். எளிய பாட்டை ஆக்குவது எளிய வேலையன்று என்பதற்கு இதுவே முதற் காரணம்.

இனி, இப்பாட்டின் தாளத்தைப் பார்ப்போம். சுராங்கனி பைலா வகையைச் சேர்ந்தது. ஆடுதல் என்னும் பொருளுடைய ‘பைலார்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது பைலா என்னும் பெயர். 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். ஆட்சி போயிற்று, அவர்கள் வாயிலும் கையிலும் இருந்தவற்றுட் சில எஞ்சின. நம் தீவகத்திலேயே அதற்குச் சான்று உண்டு. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயர், கப்பல் அணையும் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததே. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் நடுவில் நிற்கும் கடற்கோட்டைக்கு அடியிட்டவரும் அவரே. துறைக்கு ஒரு பெயரை விட்டுச் சென்றது போலவே, ஆட்டத்துக்கு ஒரு தாளத்தையும் அவர்கள் விட்டுச் சென்றனர்.

அத்தாளத்தைக் காத்து வளர்த்தோர் போர்த்துக்கேயப் பறங்கியரும், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோரும் ஆவர். வயலின், மண்டொலின், கிற்றார், ரபான் ஆகிய கருவிகளோடு அவர்கள் பாடியாடிய கபிரிஞ்ஞா என்னும் இசையே பைலாவுக்கு மூலம். ஆறு எண்ணிக்கையை மும்மூன்றாகப் பகுத்து, முதலாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் கொடுப்பது அதன் இயல்பான நடை. நம் தாளக் கணக்கிலே திச்ர நடையை ஒத்ததென்று இதனைக் கூறலாம். கும்மியும் வசந்தனும் கேட்டுப் பழகிய காதுக்கு இந்நடை அந்நியமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொலிஸ் சேவையில் இருந்த வாலி பஸ்தியன் என்பவர் இதனைச் சிங்களச் சொற்களோடு இணைத்து, குழுவாகப் பாடும் பைலாவாக மேடையேற்றினார். அதன் பின்னரே பைலா பறங்கியரின் முற்றத்தைக் கடந்து நாடு முழுவதற்கும் உரியதாயிற்று.

தாளம் வெளியிலிருந்து வந்ததாயின், நம் தீவக மக்கள் அதனை இவ்வளவு விரைவிலே தமதாக்கிக்கொண்டது எங்ஙனம்? இதற்கு விடை நம் கடற்கரையில் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது தொழிலாளர் பாடும் பாட்டை அம்பா என்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர் ஒருமித்து மறுமொழி பாடுவார். அம்மறுமொழி எழும் வேளையிலேயே கைகளும் ஒருமித்து வலையை இழுக்கும். பாட்டின் அழுத்தமும் உடலின் அழுத்தமும் ஒன்றுபடாவிடின் வலை நகராது. ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடும் இம்முறையே பைலாவிலும் பொப்பிசையிலும் பல்லவி செய்யும் வேலை. கடற்றொழிலாளர் வாழும் உலகெங்கும் இவ்வொற்றுமையைக் காணலாம். 1956ஆம் ஆண்டு ஹரி பெலபொன்ரே என்னும் பாடகர் அமெரிக்காவில் வெளியிட்ட கலிப்ஸோ இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. அதன் மிகப் பெயர்பெற்ற பாட்டு, யமேக்காத் துறைமுகத்தில் இரவு முழுவதும் வாழைக்குலை ஏற்றிய கூலியாட்களின் தொழிற்பாட்டே. தொழிலுக்காகப் பிறந்த பாட்டு, கருவிகளின் துணையோடு களியாட்டப் பாட்டாக மாறியமைக்கு அஃதோர் உதாரணம்.

அந்தக் கலிப்ஸோ அலையும், அதன் பின் வந்த மின்கிற்றார் அலையும் 1960களில் இலங்கையைத் தொட்டன. கொழும்பிலே கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அவருடைய மூன்ஸ்டோன்ஸ் குழுவினரும் மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குத் துணையாக்கினர். ஜெரல்ட் விக்ரமசூரிய நடத்திய சூரியா நிறுவனம் அத்தகைய பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. இந்தியச் சினிமா மெட்டுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பாடும் நிலை மாறி, இந்நாட்டிலேயே மெட்டும் சொல்லும் பிறக்கலாயின.

தமிழிளைஞரும் வாளாவிருக்கவில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், தமது இளமையிலேயே கிற்றாரை ஏந்தி, ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டையும், கள்ளுக்கடைப் பக்கம் போகாதே எனப் புத்தி சொல்லும் பாட்டையும் பாடிப் பரப்பினார். திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ் மென்மையான காதற்பாட்டுகளை இசைத்தட்டிலே தந்தார். ஏ. ஈ. மனோகரன் மேடையிலே ஆடியும் பாடியும் கூட்டத்தைத் தம் வசமாக்கும் ஆற்றல் பெற்றவர். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று மக்கள் அவரைப் பாராட்டினர். இவர்கள் செய்த புதுமை கிற்றார் வாசித்தது மட்டுமன்று. யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்திலே மாமியும் மருமகனும் பேசுகின்ற பேச்சையே பாட்டுக்கு மொழியாக்கினார்கள். அக்காலத்து மெல்லிசைப் பாட்டெழுதியோர் நிலவையும் தென்றலையும் செந்தமிழிலே விளித்துக்கொண்டிருக்க, இவர்கள் கள்ளுக்கடையையும் சொந்தக்கார வீட்டையும் பாடினார்கள். பனை நிறைந்த நம் தீவுகளிலே கள்ளுக்கடை என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டியதில்லை. குடியினால் அல்லலுற்ற குடும்பத்துப் பெண் அப்பாட்டைக் கேட்டுச் சிரித்திருப்பாள்; சிரித்தபின் சற்றே சிந்தித்தும் இருப்பாள்.

காலமும் இவர்களுக்குத் துணை செய்தது. 1970க்கும் 1977க்கும் இடையே இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. மக்கள் உணவுக்கும் உடைக்கும் இடர்ப்பட்ட காலம் அது. எனினும், உள்ளூர் நூல்களுக்கும் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் பாடல்களுக்கும் அதுவரை கிடையாத ஓர் இடம் கிடைத்தது. ஈழத்துப் பொப்பிசை செழித்தது அக்காலத்திலேயே.

பாட்டு மேடையிலே வெற்றி பெற்றால் மட்டும் போதாது. அது தட்டிலே பதிய வேண்டும். அக்காலத்து ஒலிப்பதிவு முறையை இக்கால மாணவர் அறிவது நன்று. இன்று ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்து, பிழையைக் கணினியிலே திருத்திப் பின்னர் ஒன்றுசேர்க்கலாம். அன்று சிறு ஒலிப்பதிவு அறைகளிலே பாடகரும் கிற்றார்க்காரரும் மேளக்காரரும் பல்லவி பாடுவோரும் ஒரே வேளையில் நின்று, ஓரிரு ஒலிவாங்கிகளின் முன்னே முழுப் பாட்டையும் பாடி முடித்தனர். ஒலி மிகுந்த கருவி ஒலிவாங்கிக்குத் தொலைவிலும், மெலிந்த குரல் அண்மையிலும் நிற்க வேண்டும். இறுதியடியிலே ஒருவர் தாளம் பிசகினாலும் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. ஆகவே, தட்டிலே நாம் கேட்கும் மூன்று நிமிடத்துக்குப் பின்னே பல நாட்களின் ஒத்திகை இருக்கிறது.

அவ்வாறு காந்த நாடாவிலே பதிந்த ஒலியை, அரக்குப் பூசிய வட்டத் தகட்டில் ஓர் ஊசி நுண்ணிய சுருள் வரியாக வெட்டும். அத்தகட்டின்மேல் வெள்ளிப் படலம் பூசி, மின்முலாம் முறையால் உலோக அச்சு எடுப்பர். அவ்வச்சினால் இளகிய வைனில் பிளாத்திக்கை அழுத்த, இசைத்தட்டு பிறக்கும். பாட்டின் நீளத்தை நிருணயித்ததும் தட்டே ஆகும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலப் பழைய தட்டின் ஒரு பக்கத்திலே ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். 1949இல் அமெரிக்காவிலே வெளிவந்த, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டும் அவ்வளவு நேரத்தையே பெரிதும் பின்பற்றியது. தட்டு வழக்கொழிந்த பின்னரும் மூன்று நான்கு நிமிட அளவு நிலைத்துவிட்டது. கருவியின் குறை கலையின் இலக்கணமாயிற்று.

தட்டு வெளிவந்துவிட்டது. அதனை வாங்க எத்தனை பேருக்கு வசதி இருந்தது? இசைத்தட்டுப் பெட்டி வைத்திருந்த வீடு ஊருக்கு ஒன்றிரண்டே. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போன்ற கடல் சூழ்ந்த ஊர்களுக்கு மின்சார வசதியும் பிந்தியே வந்தது. இவ்விடத்திலேதான் வானொலி வாயில் திறந்து நிற்கிறது. 1950களின் நடுவிலே உலகச் சந்தைக்கு வந்த திரான்சிஸ்ரர் வானொலிப் பெட்டி, மின்கம்பி இல்லாத இடத்திலும் சிறு பற்றரியால் இயங்கியது. வள்ளத்திலும் வாடியிலும் தேநீர்க் கடையிலும் அதனை வைத்துக் கேட்கலாம். ஒருவர் வாங்கிய பெட்டியை ஊரே கேட்டது. தட்டை விலைகொடுத்து வாங்க இயலாத மீனவனுக்கும் நாட்டின் புதிய பாட்டு அன்றைக்கே எட்டியது இவ்வழியாலேயே.

இலங்கையிலே வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படையினருக்காக ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று இங்கே நிறுவப்பட்டது. போர் முடிந்தபின், 1949இல் அது இலங்கையின் கைக்கு வந்து, இலங்கை வானொலி என்னும் பெயரோடு இயங்கலாயிற்று. 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. சிற்றலையானது வானத்தின் மேலடுக்கிலே பட்டுத் தெறித்து நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையது. ஆதலின், இந்தியா முழுவதிலும் இலங்கையின் குரல் தெளிவாக ஒலித்தது.

அக்குரலை இந்தியர் ஆவலோடு தேடியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர், சாஸ்திரிய இசையை வளர்க்கும் நோக்கத்தோடு, அகில இந்திய வானொலியிலே சினிமாப் பாட்டுக்கு இடமின்றிச் செய்தார். நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் மக்கள் வானொலியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிக்கொண்டனர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் முற்றாக மாறவில்லை. எஸ். பி. மயில்வாகனம், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளரின் பெயர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் வீட்டுப் பெயர்களாயின. சினிமாப் பாட்டுக்காகத் திறந்த காதிலே ஈழத்துப் பொப்பிசையும் சென்று விழுந்தது. பாட்டைத் தடுத்துவிட்டால் நல்லிசை தானே வளருமென எண்ணுவோர்க்கு இவ்வரலாற்றிலே ஒரு பாடம் உண்டு.

இத்தகைய சூழலிலே பரவியதே சுராங்கனி. அதன் பொருளை உற்றுநோக்குங்கள். சுராங்கனி என்னும் பெண்ணுக்காகக் கடலிலிருந்து புதிதாக மீன் கொண்டுவந்திருக்கிறது. அவ்வளவுதான் செய்தி. தத்துவம் இல்லை, உவமை இல்லை, சோகம் இல்லை. ஆயினும் தீவு வாழ்க்கையின் மையமான ஒரு கணம் அதிலே அடங்கியிருக்கிறது. விடியலிலே வள்ளம் கரையேறும் வேளை, காத்திருந்த வீட்டுக்குப் பிழைப்பு வந்துசேரும் வேளை அது. காலியிலும் நீர்கொழும்பிலும் மன்னாரிலும் நெடுந்தீவிலும் அவ்வேளை ஒன்றே. சிங்களத்திலே பல்லவி, தமிழிலே தொடரும் அடிகள், இரண்டுக்கும் பொதுவான பைலாத் தாளம். 1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் மொழியின் பெயராலேயே நாடு பிளவுபட்டு வந்த ஆண்டுகளில், தமிழர் ஒருவர் இரு மொழியையும் ஒரே மூச்சிலே பாடினார். இரு மொழியாரும் அதனைத் தம்முடையதாகக் கொண்டனர். பாட்டொன்று அரசியலைத் திருத்திவிடும் என்று நான் கூறவில்லை. 1983இன் கொடுமையை எந்தப் பாட்டும் தடுக்கவில்லை. எனினும், அதற்கு முன்னே இரு சாராரும் ஒரே பல்லவியை ஒருங்கு பாடிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இப்பாட்டுச் சான்று பகர்கின்றது. அச்சான்றை இழப்பது சிறிய இழப்பன்று.

1977ஆம் ஆண்டு ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்த் திரைப்படத்திலே, இளையராஜாவின் இசையமைப்பில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் சுராங்கனியைப் பாடினர். அது முதல் தமிழ்நாட்டிலே அது சினிமாப் பாட்டாயிற்று. மனோகரனும் பின்னர் தமிழகம் சென்று, சிலோன் மனோகர் என்னும் பெயருடன் திரைப்படங்களிலே நடித்தார். 2018 சனவரி 22ஆம் நாள் சென்னையிலே தமது 73ஆம் வயதிற் காலமானார். பிறந்த மண்ணின் பெயரையே தம் பெயருக்கு முன்னே சுமந்து திரிந்த கலைஞர் அவர். நம் தீவகத்துக்கும் அவருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாகக் கொண்டு எழுதிய ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் இலங்கைத் தமிழ்த் திரைப்படமாக வெளிவந்தபோது, அதிலே நடித்தோருள் மனோகரனும் ஒருவர்.

இத்தகைய பாட்டுகளை ஏளனஞ் செய்த கற்றோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். பொருளற்ற பாட்டு, மேனாட்டுப் போலி, மொழியைக் கெடுப்பது என்பன அவர்கள் கூறும் குற்றங்கள். இவற்றுள் மேனாட்டுப் போலி என்பதற்கு முன்னரே விடை கூறினோம்; அத்தாளம் நானூறு ஆண்டாக இம்மண்ணிலே ஊறியது. வயலினும் ஒரு காலத்தில் மேனாட்டிலிருந்து வந்த கருவியே. அதனை இன்று கருநாடக இசையினின்றும் பிரிக்க முடியுமோ? பேச்சுமொழி பாட்டிலே வந்தால் மொழி கெடும் என்பாருக்கு நம் பள்ளுப் பாட்டுகளும் கூத்துகளும் விடை சொல்லும். எல்லாப் பொப்பிசைப் பாட்டும் நல்ல பாட்டு என்பது என் கருத்தன்று. பெரும்பாலானவை பிறந்த ஆண்டிலேயே மறைந்தன, அவை மறைந்தது தகும். ஐம்பது ஆண்டு கழிந்தும் மக்கள் தாமாகவே பாடும் பாட்டு எதுவோ, அதனை ஆராய்தற்குரிய பொருளாகக் கொள்வது கற்றோரின் கடமை என்பதே நான் வற்புறுத்துவது.

பெயர் மறைதல் என்னும் செய்திக்கு மீண்டும் வருவோம். இஃது ஈழத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1939இல் தென்னாபிரிக்காவின் யொகனஸ்பேர்க் நகரிலே சொலமன் லிண்டா என்னும் சூலுத் தொழிலாளி, சிங்கத்தைப் பற்றிய பாட்டொன்றை இசைத்தட்டிலே பாடினார். அதன் உரிமை வெறும் பத்துச் சிலிங்குக்குக் கைமாறியதென்பர். அம்மெட்டு அமெரிக்கா சென்று, பெயர் மாறி, சொல் மாறி, உலகமெங்கும் ஒலித்துப் பெரும்பொருள் ஈட்டியது. லிண்டா 1962இல் வறுமையிலே இறந்தார். அவருடைய புதல்வியர் வழக்குத் தொடுத்து, 2006இலேதான் ஓர் இணக்கத்தைப் பெற்றனர். ஒரு தட்டின் ஓரத்திலே எழுதப்பட்ட பெயரும், ஒரு தாளிலே இட்ட கையொப்பமும் ஒரு குடும்பத்தின் வாழ்வையே நிருணயித்துவிடக் கூடும்.

ஒரு பாட்டிலே உரிமைகள் மூன்று வகையாக அடங்கியிருக்கின்றன. சொல்லை எழுதியவருக்கு ஒன்று. மெட்டை அமைத்தவருக்கு ஒன்று. பதிந்த ஒலிக்கு மற்றொன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்லுக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியோரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டும் காப்பளிக்கிறது. பதிந்த ஒலிக்கு 50 ஆண்டுக் காப்பு உண்டு. ஆயின், சட்டம் காக்க வேண்டுமெனில் இன்னார் எழுதினார், இன்னார் மெட்டமைத்தார் என்பதற்கு எழுத்திலே சான்று வேண்டும். மேடையிலே பாடிப் பாடி உருவான நம் பாட்டுகள் பலவற்றுக்கு அத்தகைய சான்றை எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்தனவும் அழிந்தன. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் சாம்பலாயின. 1990களின் தொடக்கத்திலே தீவக மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். உடுத்த உடையோடு வள்ளமேறியவர் இசைத்தட்டுப் பெட்டியையா தூக்கிச் செல்வர்? மீண்டு வந்தபோது கூரையில்லாத வீடுகளிலே மழையும் கறையானும் எஞ்சியவற்றைத் தின்றிருந்தன. ஒலிநாடாவிலே பூஞ்சணம் படிந்தால் காந்தப் பூச்சு உதிரும். அதன்பின் எந்தக் கருவியாலும் அவ்வொலியை மீட்க இயலாது.

இன்று பாட்டை வெளியிட இசைத்தட்டுத் தொழிற்சாலை வேண்டியதில்லை. 2021இலே யொஹானியும் சதீசனும் பாடிய ‘மெனிக்கே மகே ஹிதே’ என்னும் சிங்களப் பாட்டு, யூரியூப் வழியாகச் சில வாரங்களுக்குள் இந்தியா முழுவதும் ஒலித்தது. சுராங்கனி பல ஆண்டுகளிலே கடந்த கடலை அது சில நாட்களிலே கடந்தது. வேகம் கூடியிருக்கிறது; ஆனால் பாட்டை முணுமுணுப்போருக்கு அதன் சொல்லெழுதியவரும் மெட்டமைத்தவரும் யாரென்று தெரியாத நிலை இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, நேயர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய இசைத்தட்டு, ஒலிநாடா, கச்சேரி நிகழ்ச்சித்தாள் ஏதேனும் இருப்பின் அதனை வெளியே எடுங்கள். மேலுறையையும் தட்டின் நடுவிலுள்ள சீட்டையும் கைப்பேசியாற் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர், கருவி வாசித்தவர், பதிந்த ஆண்டு என்னும் ஐந்தையும் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஒலியை எண்மிய வடிவுக்கு மாற்றித் தர வல்லோர் யாழ்ப்பாணத்திலே இருக்கின்றனர். 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் எண்மிய நூலகம், ஈழத்து நூல்களோடு ஒலி ஆவணங்களையும் சேர்த்து எவரும் இலவசமாகப் பயன்படுத்தத் தருகிறது. அதற்கு அவற்றை வழங்கலாம். பாடசாலை ஆசிரியர்கள் சங்கீத பாடவேளை ஒன்றை இப்பணிக்கு ஒதுக்கலாம். அம்பா பாடிய முதியோர் நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் இன்னும் சிலர் உளர். அவர்களின் குரலைப் பதிவதற்கு இப்போது ஒரு கைப்பேசியும் அரைமணி நேரமும் போதும்.

அடுத்த முறை படகிலே பிள்ளைகள் சுராங்கனியைப் பாடத் தொடங்கும்போது, அருகில் இருப்பவர் அதனைத் தடுக்கவேண்டாம். பாட்டு முடிந்தபின், இதனைப் பாடியவர் மனோகரன் என்னும் நம் நாட்டுக் கலைஞர் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.